அனுமதிக்கலாம்

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, அதற்குப் பாத்தியதை கொண்டாடியவர்கள் மூன்று பேர். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அப்பா செய்தி படிப்பார். மத்தியானத்தில் தம்பி வேலைக்கு விண்ணப்பம் போடுவான். நாலு மணிக்கு மேல் அது அக்காவுக்கு. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அவள் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். தெருவில் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். வீடு பாதி ஓடியது அந்த வகுப்பில்தான்.

தொல்லை சின்னதாகத்தான் ஆரம்பித்தது. திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது: உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்! அதை மூடினால் முழங்கால் வலிக்குக் களிம்பு. அதையும் மூடினால், இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான் என்று ஒரு வாழ்த்து. டீச்சர் பிறந்ததிலிருந்து ஒரு குலுக்கலில்கூட ஜெயித்ததில்லை. அந்த மாதத்தில் மட்டும் பதினேழு முறை ஜெயித்தாள். ஒரு கையால் ஈ ஓட்டுவதுபோல மூடிக்கொண்டே பாடம் நடத்தினாள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னங்கள் நடந்துகொண்டிருந்தபோது, அவள் முக்கால் என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்திலேயே முக்கால்வாசி உடுப்பில்லாத ஒருத்தி வந்து நின்று, ‘தனியாக இருக்கிறாயா?’ என்று கேட்டாள். பன்னிரண்டு பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒரு பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அம்மாவும் பார்த்தாள். சாயங்காலமே வகுப்பு நடத்தும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை.

யார் காரணம் என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அப்பா முப்பத்தாறு வருஷம் ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து, யாரிடமும் ஒரு சொல் கேட்காமல் வெளியே வந்தவர். மிச்சம் தம்பி. இருபத்தாறு வயசு, தொழிற்சாலையை மூடி எட்டு மாசமாக வீட்டோடு கிடப்பவன். வேலையில்லாதவன்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும், பசைகூடத் தேவையில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் பிடித்துக்கொண்டாள்.

“என்னத்தடா பாத்துத் தொலைக்கிற அதுல?”

“எதுலக்கா?”

“ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி பேசாதே. பச்சப் பிள்ளைங்க முன்னாடி என் மானம் கப்பலேறிடுச்சு. நீ சம்பாதிச்சுக் கொட்ட வேணாம். சம்பாதிக்கிறவ வாயில மண்ணைப் போடாம இருக்கலாமில்ல? அம்மா இருந்திருந்தா உன் மூஞ்சில முழிப்பாளா?”

செத்துப்போன அம்மாவை இழுத்திருக்க வேண்டாம். ஆனால் கோபம் வந்துவிட்டால் டீச்சருக்கு நாக்கில் நரம்பில்லை.

தம்பி அப்பாவைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார். பெற்ற மனசு என்ன பாடுபடுகிறதோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தம்பி தட்டைக் கழுவி வைத்தான். மூன்றாம் நாள் ஒரு பையோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். அங்கே ஒரு குளிர்கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. நாலு தூறலில் நனைந்தாலே தொண்டை கட்டிக்கொள்கிற பையன். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவளும் அறையை விட்டு வெளியே வரவில்லை. தொல்லை விட்டது என்றுதான் இருந்தாள்.

தொல்லை விடவில்லை. அவன் போன ஆறாம் நாள், தசமங்கள் நடக்கும்போது அதே கேள்வியோடு வேறொருத்தி வந்து நின்றாள். கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகுதான் அவள் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் இருந்த ரிப்பேர்க் கடைக்குப் போனாள். முதல் நாளே போயிருக்கலாம். ஆனால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டால் மெக்கானிக்கை யார் தேடுவார்கள்?

கடைக்காரர் வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுகிறவர். அன்று ஸ்க்ரூவுக்கே வேலை வரவில்லை. பிரவுசரைத் திறந்து, அமைப்புகளுக்குள் போய், ஒரு பட்டியலைக் காட்டினார்.

“வைரஸ் இல்ல டீச்சர். திருடன் சுவர் ஏறிக் குதிக்கல. உங்க வீட்டு ஆளுங்களே கதவைத் திறந்து, வாங்க உக்காருங்கன்னு நாற்காலி போட்டிருக்காங்க. பாருங்க, நாப்பத்து மூணு சைட்டு. ஒவ்வொண்ணும் ‘அறிவிப்புகளைக் காட்டலாமா?’ன்னு கேட்டிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ‘அனுமதி’ன்னு அழுத்தியிருக்காங்க. அந்த அறிவிப்புங்கற பேர்லதான் இந்த விளம்பரம், படமெல்லாம் வருது. ஒண்ணைக்கூடத் தடுக்கல. இப்படி ஒரு தாராள மனசை நான் பாத்ததே இல்ல.”

“என் தம்பிதான். இப்ப அவன் ஊர்ல இல்ல.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வாரமாச்சு.”

கடைக்காரர் வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்து மேசையில் வைத்தார். “கடைசியா ஒரு சைட்டை உள்ள விட்டது நேத்து. காலைல பத்தே கால். எல்லாமே காலைல ஒன்பதுலேருந்து பதினொண்ணுக்குள்ளதான் வந்திருக்கு. அந்த நேரத்துல யாரு உக்கார்றது?”

நாற்பத்து மூன்றையும் அவர் நீக்கி முடித்தார். மொத்தம் இரண்டு நிமிஷ வேலை.

வீட்டில் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். அவள் பெட்டியை மேசையில் வைத்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அப்பா, செய்தி படிக்கிறப்ப இது ஏதாச்சும் கேட்டா என்ன பண்ணுவீங்க?”

அப்பாவின் முகம் மலர்ந்தது. ரிட்டயர் ஆனதிலிருந்து வேலை சம்பந்தமாக அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. “அனுமதி கொடுத்துடுவேன். முப்பத்தாறு வருஷத்துல என் மேசையில ஒரு ஃபைல் ராத்தங்கினதில்லம்மா. வந்தா, ‘அனுமதிக்கலாம்’னு எழுதி, கையெழுத்துப் போட்டு, மேலே அனுப்பிடணும். தடுத்து வெச்சா அது நமக்குத்தான் கெட்ட பேரு. இங்கயும் அப்படித்தான். கேக்கறான், கொடுத்துட்டா அவன் பாட்டுக்குப் போயிடறான்.”

நாற்பத்து மூன்று முறை கையெழுத்துப் போட்ட திருப்தி அந்தக் குரலில் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அந்தப் படமெல்லாம்... உங்களுக்கும் வந்துச்சா?”

அப்பாவின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றினார். சட்டை நுனியைத் தேடினார்.

“துடைக்காதீங்கப்பா. சொல்லுங்க.”

“வரும். உடனே மூடிடுவேன்.”

“அவன் இங்க இருந்தப்பவே வந்துச்சா?”

“ம்.”

“அப்ப அவன் இல்லன்னு தெரியும் உங்களுக்கு. அன்னிக்கு நான் அவனை அந்தக் கிழி கிழிச்சேன், பாத்துட்டுச் சும்மா உக்காந்திருந்தீங்க!”

“எனக்கு அறுபத்தெட்டு வயசும்மா,” என்றார். “அந்தக் கண்றாவியை நான் பாத்தேன்னு பெத்த பொண்ணுகிட்ட எந்த வாயால சொல்றது? அவன் சின்ன வயசு. அவனுக்கு அது ஒருநாள் பேச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்.”

கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்துவதற்கு வைத்திருந்ததையெல்லாம் அவள் ஏற்கெனவே ஆள்மாறிச் செலவழித்துவிட்டாள். அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் செய்தாள். நாலாவது முறையில் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. அவன் தொண்டை கரகரவென்றிருந்தது.

“அது நீ இல்லடா. அப்பாதான். தெரியாமப் பண்ணியிருக்காரு.”

“தெரியும்க்கா. ஒருநாள் காலைல போன வேலை ஆகாமத் திரும்பி வந்தேன். அவர் பட்டனை அழுத்தி அழுத்தித் தலையாட்டிட்டிருந்தாரு. அந்தப் படம் வந்ததும் பதறிப்போய்க் கையால திரையை மூடினாரு. நான் பாத்தது அவருக்குத் தெரியும்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா!”

“அவரே சொல்லுவாருன்னு பாத்தேன்.”

“நீயாவது...”

“நீ எங்கக்கா கேட்டே? நீ தீர்ப்பில்ல சொன்னே.”

இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது.

“என்மேலதான் தப்பு. வந்துடுடா,” என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இப்ப கண்டுபிடிச்சே, கூப்பிடறே,” என்றான். அவனிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “கண்டுபிடிக்காமயே இருந்திருந்தா? கடைசி வரைக்கும் நான் அப்படிப்பட்டவன்தானே உனக்கு? வைக்கட்டுமா, மணி அடிச்சுட்டாங்க.”

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட அவள் விரல் பட்டன்மேல் போய்ப் போய் வந்தது. முன்னறைக்கு வந்தபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துடைத்து வைத்ததுபோல் வெறிச்சென்றிருந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு பெட்டியும் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“அவன்கிட்டயா பேசினே? என்னைக்கு வர்றானாம்?”

“வரமாட்டானாம்.”

“ஏன்?” என்றார் அப்பா. நிஜமாகவே விளங்காத முகம். “நான் அவனை ஒரு வார்த்தை சொல்லலியே.”

அது சத்தியம். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் அவள்தான்.