கண்ணாடிக்குள் மெலிஸ்

மெத்தைகளை எடுத்துவர உள்ளே போன பாத்மாகான் அத்தை வெறுங்கையோடு, திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வந்தாள். வாசற்படியில் குதிகால் இடித்ததும் நின்று, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள ஒரு பையன் நிக்கிறான். என்னையே பாக்கிறான்."

சமையலறையில் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். பெர்மெத் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"பையன் இல்ல அத்தை. மெலிஸ் அண்ணன். படம்."

"படமா? மூக்கு வெளிய நீட்டிட்டு இருக்கு, படமாம்."

பெர்மெத்தின் அம்மா உமுத் அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தாள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பி, திரைக்கு அப்பால் அவளைக் கிடத்தியிருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் வந்துசேர வேண்டும் என்பதால் அடக்கம் மறுநாள்தான். கூடாரத்துக்குள் பெண்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். மகள் இருக்க வேண்டிய இடம் அது. பெர்மெத்துக்கோ அடுப்பு, விறகு, விருந்தாளிக்குத் தேநீர் என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது. அழுகை வரவில்லை. வராத அழுகையோடு அங்கே போய் உட்காரக் கூச்சமாக இருந்தது.

"சாவு வீடுன்னு முகம் பாக்கிற கண்ணாடியெல்லாம் மூடியாச்சு, இத மட்டும் யாருக்காகத் திறந்து வெச்சிருக்கீங்க?" என்றாள் அத்தை. "போய் ஒரு துணியப் போடு. ராத்திரி அந்த அறையிலதான் நாங்க படுக்கணும். இவன் முழிச்சுக்கிட்டு நின்னா எவளுக்குத் தூக்கம் வரும்?"

பெர்மெத் ஒரு பழைய போர்வையை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மாவின் அறைக்குள் அவள் தானாகப் போனதே இல்லை. சுவரில் தொங்கும் அந்தக் கண்ணாடித் தகடு மற்ற நேரங்களில் கறைபடிந்த வெறும் கண்ணாடிதான். குளிர்கால மதியம் சாய்கிறபோது, இடதுபக்க ஜன்னல் வழியே வெயில் சரிந்து அதன்மேல் விழும். அப்போது மெலிஸ் வருவான். 'தெரிகிறான்' என்று அம்மா சொன்னதில்லை. 'வந்துட்டான்' என்பாள்.

இப்போது வந்திருந்தான். பழைய செம்பின் நிறத்தில், தலையும் தோளும் மார்புமாக, சுவருக்குள் ஓர் அறை இருந்து அதில் நிற்பவன்போல. முகத்தில் மெழுகின் பளபளப்பு. கண்ணின் நடுவே பாவை விரிந்து, எல்லாம் கறுப்பாக இருந்தது.

அப்பா ஷெய்ஷென் நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் லேசரோடு வேலை பார்த்த காலத்தில் எடுத்த முப்பரிமாணப் படம் அது. இருட்டறையில், ஒரே மின்னலில். இருட்டுக்கு விரிந்த கண் சுருங்குவதற்குள் ஒளி வந்து போய்விட்டது, அதனால்தான் அந்தக் கறுப்பு. லேசர் தோலுக்குள் கொஞ்சம் ஊறித் திரும்புகிறது, அதனால்தான் மெழுகு. இவை அப்பா சொன்ன காரணங்கள். அம்மா சொன்னது வேறு. "உயிரோட நின்ன பிள்ளையப் பொணமாப் பிடிச்சிட்டியே." அடுத்த வசந்தத்தில் மலைப்பாதையில் பனிச்சரிவு மெலிஸை லாரியோடு கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் உப்பு, விறகு, மருந்து பற்றித்தான்.

வயதான பிறகு அம்மாவுக்கு ஒரு கண் போனது. அதன்பின் தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கினாள். "ரெண்டு கண்ணு ரெண்டு படத்தக் கொடுக்கும், மூளை அதச் சேத்துத்தான் ஆழத்தக் காட்டும். அவளுக்கு ஒண்ணுதானே இருக்கு. ஆடினாத்தான் எது முன்ன, எது பின்னன்னு பிடிபடும்" என்று அப்பா தொலைபேசியில் விளக்கினார். காரணம் இருந்தும் பெர்மெத்துக்கு உடம்பு சிலிர்க்கும். ஏரிக்கு அப்பால் இருந்த தன் வீட்டிலிருந்து நாளெல்லாம் பஸ்ஸில் வந்து கதவருகே நின்றால், அம்மா அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாற்காலியைச் செருகிக்கொண்டு, கண்ணாடியிடம் உதட்டை அசைத்தபடி ஆடிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த பிறகுதான் திரும்புவாள். செத்தவன் ஒருத்தன் போதும் அவளுக்கு என்று நினைத்தபடி பெர்மெத் பையை இறக்கி வைப்பாள்.

போர்வையை மாட்ட ஆணி அந்த இடுக்கின் பக்கம்தான் இருந்தது. நாற்காலியில் ஒரு முழங்காலை ஊன்றி உள்ளே நுழைந்தாள். அங்கே நிற்க இடமில்லை, உட்கார்ந்துதான் கையை நீட்ட முடியும் போலிருந்தது. உட்கார்ந்தாள். வெயில் அவள் தலைக்கு மேலாகப் போய்க் கண்ணாடியில் விழுந்தது.

அங்கிருந்து பார்க்க, மெலிஸ் பக்கவாட்டில் திரும்பியிருந்தான். காது தெரிந்தது. காதுக்குக் கீழே, தோளுக்குப் பின்னால், ஏதோ இருந்தது.

தன் நிழலாட்டம் என்றுதான் முதலில் நினைத்தாள். தலையை நகர்த்தினாள். அது கூடவே நகரவில்லை. அண்ணனின் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. சின்ன முகம். கோணலாக வெட்டிய முன்முடி. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கும் விரல்கள். கண் முழுக்கக் கறுப்பு. இமைக்காமல் நேராக அவளைப் பார்த்தது.

அந்த முகத்தின் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அவள் கை தன் புருவத்துக்குப் போனது.

"மூடிட்டியாம்மா?"

அப்பா கதவருகே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. அந்த அறைக்குள் அவர் வருவதில்லை.

"அப்பா, இவன் பின்னால..."

"அங்கேருந்து தெரியுதா." தோளைச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டார். "நீதான். வெளிய இருன்னா இருக்கல. எப்படியோ உள்ள பூந்து, இருட்டுக்குப் பயந்து அவன் சட்டையப் பிடிச்சிக்கிட்டே. தகட்டக் கழுவினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. கெட்டுப்போச்சுன்னு இன்னொண்ணு எடுத்தோம். அது நல்லா வந்துச்சு. இத உடைக்கத்தான் எடுத்து வெச்சேன். உங்கம்மா வாங்கிக்கிட்டா."

"நல்லத விட்டுட்டா?"

"ஆமா."

"வாசல்ல நின்னா தெரியவே இல்லையே."

"எப்படித் தெரியும்? சாதாப் படம் வெளிச்சம் எவ்வளவுன்னு மட்டும்தான் எழுதி வெச்சுக்கும். இந்தத் தகடு, அந்த வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னும் சேத்து வெச்சிருக்கு. உன் மூஞ்சில பட்டுத் தெறிச்ச வெளிச்சம் அந்த மூலைக்குத்தான் போச்சு. இன்னைக்கும் அங்கதான் போகுது. அங்க ஒரு கண்ணு இருந்தாத்தான் நீ உண்டு." அவர் கதவுச் சட்டத்தை நகத்தால் சுரண்டினார். "உங்கம்மாகிட்ட, நாற்காலிய நடுவுல போட்டு உக்காரு, நல்லாத் தெரியும்னு எத்தனையோ தடவ சொன்னேன். கேக்கல."

பெர்மெத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். அப்பா இருமிவிட்டு, முற்றத்தில் புதிதாக வந்திறங்கிய ஆட்களைப் பார்க்கப் போனார்.

வெயில் நகர்ந்தது. மெலிஸின் நெற்றி மங்கியது, பிறகு கன்னம், பிறகு காது. பின்னால் இருந்தவள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள்.

பெர்மெத் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வந்திறங்கிய ஆண்கள் வழக்கப்படி தடியூன்றிக் குனிந்து, "அம்மா, என்னப் பெத்தவளே" என்று உரக்க அழுதபடி கூடாரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போய்க் குனிந்து உள்ளே நுழைந்தாள். பெண்கள் வரிசையின் ஓரத்தில் பாத்மாகான் அத்தை இருந்தாள்.

"மூடிட்டியா?" என்று காதோடு கேட்டாள்.

"இல்ல."

"ஏன்டி?"

"அங்க ஒரு சின்னப் பொண்ணு இருக்கா அத்தை. இருட்டுன்னா பயப்படுவா."

அத்தை பெர்மெத்தின் முகத்தைப் பார்த்தாள். முழங்காலை ஒதுக்கி இடம் விட்டாள்.

பெர்மெத் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெளியே ஆண்களின் குரல் நெருங்கி வந்தது. கம்பளிச் சுவர் காற்றில் மெல்ல உள்ளே வாங்கி, மறுபடி வெளியே போயிற்று.