பதினோராவது வளைவு

முன் சீட்டை முக்கால்வாசி சாய்த்து கணவரைப் படுக்க வைத்துவிட்டு, அவள் வண்டியைச் சுற்றி ஓடி டிரைவர் பக்கம் ஏறினாள். அதற்குள் அவர் கையைத் தோளுக்கு மேலே தூக்கி எதையோ துழாவிக்கொண்டிருந்தார். நெஞ்சு வலி தாங்காமல் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தாள். அவர் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போட்டு விடு."

"இப்ப பெல்ட்டுதான் முக்கியமா? பேசாம படுங்க."

"போடு. நீயும் போடு."

போட்டுவிட்டாள். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பின் சீட்டில் அவருடைய அக்கா ஏறி உட்கார்ந்து, தம்பியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் காற்று வாங்கிவிட்டுப் போகலாம் என்று மலைக்கு வந்தவள். மூன்றாம் நாள் காலையிலேயே இப்படி.

"எடுடீ வண்டியை! இன்னும் என்னத்தப் பாத்துட்டு இருக்க?"

விடுதியில் அன்று வேறு ஆளே இல்லை. விருந்தினர் யாரும் இல்லாத வாரம் என்பதால் சமையல்காரரும் காவல்காரரும் நேற்றே கீழே போய்விட்டார்கள். அறைகளைப் பார்த்துக்கொள்ளும் அவளும், வண்டி ஓட்டும் அவரும், அவர் அக்காவும்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருப்பதாகச் சொன்னார்கள். அடிவாரத்துக்கு அனுப்பி வைக்கிறோம், மேலே ஏறி வர வேண்டுமென்றால் இன்னும் முக்கால் மணி ஆகும், நீங்களே இறக்கிக்கொண்டு வந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். டாக்டர் போனை வாங்கி, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் காப்பாற்றிவிடலாம் என்றார். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. மணி ஏழு பத்து.

அவளுக்கு லைசென்ஸ் ஆறு வருடமாக இருக்கிறது. ஆனால் இந்த மலையில் ஒரு தடவைகூட இறங்கும்போது அவள் ஓட்டியதில்லை. ஏற்றம் அவளுக்கு, இறக்கம் அவருக்கு. அது அவர் போட்ட சட்டம். ஏன் என்று ஒரு நாள் சண்டை பிடித்தபோது, "ஏறும்போது தப்பு பண்ணினா வண்டி நின்னுடும். எறங்கும்போது தப்பு பண்ணினா நிக்காது" என்றார். அன்று அவளுக்கு அது திமிர்ப் பேச்சாகத்தான் பட்டது.

"செகண்ட்ல போடு" என்று கண்ணை மூடியபடியே சொன்னார். "மாத்தாத. பிரேக்... சும்மா தொட்டு எடு."

இரண்டாவது கியரில் இன்ஜின் ஓலமிட்டது. ஏழு பேர் உட்காரும் உயரமான கனத்த எஸ்யூவி. இன்ஜின் பிடித்து இழுக்க, அது ஒவ்வொரு வளைவிலும் தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுப் பலகைகள் கடந்தன. இருபத்திரண்டு வளைவு. மூன்றாவது பலகையைத் தாண்டும்போது மணியைப் பார்த்தாள். இன்னும் பத்தொன்பது வளைவு இருந்தது.

"என்ன இது, மாட்டு வண்டி மாதிரி!" நாத்தனார் பின்னாலிருந்து சீட்டை அடித்தாள். "சத்தம்தான் வருது, நகரவே மாட்டேங்குது. எம் தம்பி முகம் வெளுத்துப் போச்சுடீ. வேகமாப் போ!"

அவர் முனகினார். அதுவரை அவர் முனகி அவள் கேட்டதே இல்லை. ஸ்பேனர் விரலை நசுக்கி நகம் பெயர்ந்தபோதும் சிரித்த மனிதர். அவள் மூன்றாவது கியருக்கு மாற்றினாள். நாத்தனார் அவசரப்படுத்தியது உண்மைதான். ஆனால் மாற்றியது அவள் கை.

வண்டி விட்டால் போதும் என்று ஓடியது. வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தி மிதித்துத் திருப்பினாள். ஏழு, எட்டு, ஒன்பது. நேரம் மிச்சமாகிறது என்ற நினைப்பே அவளுக்குத் தைரியம் கொடுத்தது. பத்தாவது வளைவில் ஏதோ கருகும் வாடை வந்தது. பதினொன்றில் மிதித்தபோது பிரேக் பெடல் பஞ்சில் கால் வைத்ததுபோல உள்ளே போய்த் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

"என்னங்க, பிரேக்கு..."

அவர் கண்ணைத் திறந்திருந்தார். வாடை அவரை எழுப்பியிருக்க வேண்டும்.

"பம்ப் பண்ணு. விட்டு விட்டு மிதி. செகண்டு... ஸ்டியரிங்க நேரா பிடி. இப்ப ஃபர்ஸ்ட்டு. போடு, கியரு பல்லு கடிச்சாலும் போடு. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு. மலைப் பக்கம் ஒட்டு. மலைப் பக்கம்!"

இன்ஜின் அலறியது. முன் சக்கரம் சாலையோர மழைநீர் ஓடையின் கல்லில் உரசிக்கொண்டே போய், ஓடைக்குள் இறங்கி, பாறையில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பெல்ட் அவரைப் பிடித்து வைத்திருந்தது.

"இருபது நிமிஷம்" என்றார். "எதையும் தொடாத. தானா ஆறணும்."

அந்த வண்டிக்குச் செய்த சேவையில் கால்வாசியைத் தன் உடம்புக்குச் செய்தால் அவர் நூறு வயது இருப்பார் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. திங்கட்கிழமை தவறாமல், வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் சூடேறாதபோதே சொந்தக் கருவியை வைத்துக் காற்று பார்ப்பார். ஸ்டெப்னிக்கும் பார்ப்பார். கூரையில் பெட்டி ஏற்றச் சொல்லும் விருந்தினரிடம், "உயரமான வண்டி சார், தலைக்கனம் ஆகாது, வளைவுல கவுந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முடுக்குவார். அப்படிப்பட்டவர் ஒன்றே ஒன்றை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணே, பிரேக் ஆயிலு கறுத்துப் போச்சு" என்று அடிவாரத்து மெக்கானிக் ஒவ்வொரு சர்வீஸிலும் சொல்வான். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். இது அஞ்சாச்சு. தண்ணி கோத்துக்கும். சூடாச்சுன்னா உள்ளயே கொதிச்சுடும், அப்புறம் மிதிச்சா பிடிக்காது."

"பிரேக்க மிதிக்கிறவன்கிட்டப் போய்ச் சொல்லு" என்பார் அவர். ஒர்க்‌ஷாப்பே சிரிக்கும். அங்கே அவருக்கு 'செகண்ட் கியர்' என்றுதான் பெயர். உண்மையும் அதுதான். கியரிலேயே இறங்கிப் பழகியவருக்கு பிரேக் பெயருக்குத்தான் வேண்டியிருந்தது. போன மாதம் மெக்கானிக் விடாப்பிடியாக, அரை நாள் வண்டியை விட்டுட்டுப் போங்கண்ணே என்றபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். "சாயங்காலம் அஞ்சு பேரு வர்றாங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொன்னவளே அவள்தான். அவர் கையில் இருந்தவரை வண்டி பத்திரமாக இருந்தது. வேறொரு கை அதை ஓட்ட வேண்டிவரும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

நாத்தனார் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "சக்கரத்துல ஊத்துறேன், சட்டுனு ஆறிடும்."

"வேண்டாங்கா" என்றார். குரல் பாதிதான் வந்தது. "கொதிக்கிற இரும்பு. விரிசல் விட்டுடும்."

"அப்ப என்னதான்டா பண்ணச் சொல்ற?"

மூவரின் போனிலும் சிக்னல் இல்லை. மலை மடிந்து இறங்கும் இடம் அது. மேலே இரண்டு வளைவு ஏறினால் கிடைக்கலாம் என்று நாத்தனார் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். அறுபது வயதில் அப்படி ஓட முடியும் என்று யாரும் நம்பமாட்டார்கள். அந்தச் சாலையில் காலையில் வேறு வண்டி வருவதற்கு வழியில்லை. விடுதியோடு முடிந்துபோகும் சாலை.

அவள் அவர் பக்கம் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணுல போட்டுட்டேன்" என்றாள்.

"தெரியும். சத்தம் கேட்டுச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆயில மாத்தாதவன் நான்தானே."

"நான்தான் அடுத்த தடவைன்னு சொன்னேன்."

"நீ சொல்லலன்னாலும் மாத்தியிருக்க மாட்டேன்."

"போயிடலாங்க. ஃபர்ஸ்ட்டுலயே போறேன். பிரேக்க தொடவே மாட்டேன். சத்தியமா."

"பன்னெண்டாவது வளைவு செங்குத்து. அங்க நானே மிதிப்பேன்." கையை லேசாகத் தூக்கி அவள் மணிக்கட்டைத் தொட்டார். விரல் சில்லிட்டிருந்தது. "எத்தன நிமிஷம் ஆச்சு?"

"அஞ்சு."

"பாதியில எடுக்காத. எனக்காக எடுக்காத. அக்கா இருக்கா. நீ இருக்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. பொல்லாத கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். வண்டிக்குள் காலடியில் விரித்திருந்த மிதியடியை உருவிக்கொண்டு போய்ச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விசிறத் தொடங்கினாள். முகத்தில் அனல் அடித்தது. ஒரு சக்கரத்துக்கு விசிறிவிட்டு அடுத்ததுக்கு ஓடினாள். ஆறுடா, ஆறித் தொலைடா என்று இரும்பைப் பார்த்துக் கெஞ்சினாள். ஆறினால் அவர் பிழைப்பார். அவ்வளவுதான் கணக்கு.

"இங்க பாரு."

ஓடிவந்தாள்.

"வண்டிக்கே விசிறிட்டு இருக்கியே. புருஷனுக்கும் கொஞ்சம் விசிறேன்."

உதடு ஓரத்தில் அந்தப் பழைய நக்கல் இருந்தது. அவள் மண் ஒட்டிய மிதியடியால் அவருக்கு விசிறினாள். கொஞ்ச நேரம் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பார்வை அவளைத் தாண்டி எங்கோ போனது. மார்பு ஒரு தடவை தூக்கிப் போட்டு அடங்கியது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

பெல்ட்டைக் கழற்றிச் சீட்டை முழுக்கச் சாய்த்து, விடுதி வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் பார்த்தபடி இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அழுத்தி எண்ணினாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். டாஷ்போர்டு கடிகாரத்தின்படி வண்டி நின்று பதினான்கு நிமிஷம் ஆகியிருந்தது.

நாத்தனார் ரத்தம் வடியும் காலோடு திரும்பி வந்தாள். "சிக்னலே இல்ல... என்னடீ? என்ன பண்ற? தம்பி! டேய்!" அவர் கன்னத்தைத் தட்டினாள், மூக்கருகே விரலை வைத்தாள். "மூச்சு இருக்கு. இருக்குடீ! எடு வண்டியை!"

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்குக்கா."

"என்னது?"

"இருபது சொன்னாரு. இன்னும் ஆறு இருக்கு."

நாத்தனார் அவளை ஓங்கி அறைந்தாள். அவள் வாங்கிக்கொண்டு மறுபடி நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள். அடித்தவளே அடுத்த நிமிஷம் அவளை விலக்கிவிட்டுத் தான் அழுத்தினாள். கை ஓய்ந்ததும் இவள். இரண்டு பேரும் மாறி மாறி அழுத்தினார்கள். அந்த ஆறு நிமிஷம் போல நீளமானதை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை.

இருபது ஆனதும் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். பெடல் விறைத்து நின்றது. ரிவர்ஸில் ஓடையிலிருந்து சக்கரத்தை ஏற்றிவிட்டு முதல் கியருக்கு மாற்றினாள். பன்னிரண்டில் மட்டும் இரண்டு தடவை தொட்டு எடுத்தாள். அதற்குப் பிறகு செகண்ட். அவர் இறங்குகிற மாதிரியே இறங்கினாள். பின்னால் நாத்தனார் தம்பியின் நெஞ்சின்மேல் கவிழ்ந்து அழுத்திக்கொண்டே வந்தாள். வேகமாகப் போ என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஏறிப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், கருவியை மார்பில் ஒட்டினார். கீழே நின்ற இன்னொருவரைப் பார்த்து இல்லை என்று தலையை அசைத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தில் எழுத வேண்டியதையெல்லாம் ஒரு நர்ஸ் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். நாத்தனாரின் பாதத்தில் யாரோ கட்டுப் போட்டிருந்தார்கள். அறை வாங்கிய அவள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததை அந்த நர்ஸ் கவனித்தும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் தெரிந்து மகன் வெளியூரிலிருந்து கூப்பிட்டான். அவளுடைய போன்தான். திரையில் அவன் முகம் வந்து வந்து போனது. அவளால் எடுக்க முடியவில்லை. என்ன சொல்வது? மூன்றில் போட்டேன் என்றா? இருபது நிமிஷம் நிறுத்தினேன் என்றா? இரண்டாவது தடவை அடித்தபோது நாத்தனார் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஆமாம்ப்பா... ஆமாம்... அத்தைதான் பேசறேன்." அந்தப் பக்கம் அவன் அழுவது வராந்தாவுக்கே கேட்டது. பிறகு அழுகைக்கு நடுவே அவன் கேட்ட கேள்வியும் கேட்டது. "ஒரு மணி நேரம் டைம் இருந்துச்சாமே அத்தை? அம்மாதானே ஓட்டினாங்க? வழியில எங்கயாவது நின்னீங்களா?"

அவள் தலையைத் தூக்கினாள். நாத்தனாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்து வீங்கிய கண். அதில் கோபம் இன்னும் போகவில்லை.

"இல்லப்பா" என்றாள் நாத்தனார். "உங்கம்மா ஒரு எடத்துலகூட நிறுத்தல."

போனை அணைத்து பெஞ்சில் வைத்தாள். அதன்பின் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, மறுபடி மறுபடி, விடாமல். நாத்தனார் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி அந்த முழங்காலின்மேல் வைத்தாள். கால் உடனே நிற்கவில்லை.