எரிமலைக்கு ஒரு ட்ரிப் ஷீட்

என் புருஷனின் ஸ்கேனை ஏழு வாரம் தள்ளிப்போட்டது நான்தான். ஆஸ்பத்திரி இல்லை, மெஷின் இல்லை, விதி கிதி ஒன்றும் இல்லை. இதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. டிப்போவில் என் வாய்க்குப் பயந்து டிரைவர்கள் பின்வாசல் வழியாகப் போவார்கள். அப்பேர்ப்பட்ட வாய்.

பஸ் டிப்போவில் டைம்டேபிள் போடுவது என் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எங்கே இறங்கிச் சாப்பிட வேண்டும், எல்லாம் என் பென்சில் முனையில் இருக்கிறது. அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவரை ‘மேலே கீழே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

எரிமலை ஆசை அவருடையது. ஒரு ஹோட்டலில் லிஃப்டைச் சரிபண்ணப் போனவர் அங்கே வரவேற்பறை டிவியில் பார்த்துவிட்டு வந்தார். கடல் நடுவே பச்சைப் பசேலென்று ஒரு தீவு. அதில் இரண்டு எரிமலைகள். ஒன்று சும்மா புகைந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நெருப்பைத் துப்புகிறது.

"அடுப்புல பாக்காத நெருப்பா?" என்றேன்.

"வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து லிஃப்ட் ஓடற இருட்டுச் சந்துக்குள்ளயே ஏறி இறங்கிட்டிருக்கேன். ஒரு தடவை பெரிய வெளிச்சமா பாத்துட்டு வரலாம்மா. நமக்கும் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆகுது."

அவருக்கு ஆசை என்றால் எனக்குப் பைத்தியமே பிடித்தது. டிப்போவிலிருந்து வெற்று ட்ரிப் ஷீட் பத்து கொண்டுவந்தேன். புறப்பாடு, வருகை, நிறுத்தம் என்று கட்டம் போட்ட தாள். படகு ஆறு பத்துக்கு. ஜீப் எட்டரைக்கு. அப்புறம் முகடு வரைக்கும் இரண்டு மணி நேர நடை, நடுவில் பத்து நிமிஷ ஓய்வு. சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லாமல் தாளைப் பரப்பினோம்.

"எரிமலை லேட்டா வெடிச்சா என்ன பண்ணுவே?" என்று கேட்பார்.

"மெமோ குடுப்பேன்."

சிரிப்பார். சிரித்து முடிக்கும்போது இருமல் வரும். லிஃப்ட் சந்துத் தூசி என்று நினைத்தோம். மூன்று மாதமாகியும் நிற்கவில்லை. அவரே போய் டாக்டரைப் பார்த்து, ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவந்தார். "இந்த இருமல் என்னன்னு பாத்துட்டா நிம்மதியா கிளம்பலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. அதே செவ்வாய், அதே பத்து மணிக்கு எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் ஆபீசில் நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்தது ஒன்றரை மாதம் கழித்து. அப்புறம் பாஸ்போர்ட் கைக்கு வந்து டிக்கெட் போடுவதற்குள் தீவில் மழை பிடித்துவிடும், மலைப்பாதையை மூடிவிடுவார்கள்.

டிப்போவில் ஒரே வண்டிக்கு இரண்டு சர்வீஸ் மோதினால் நாங்கள் ஒன்றுதான் பார்ப்போம். எதில் ஆள் குறைவோ அதைத் தள்ளு. ஸ்கேனுக்கு ஒருத்தர். பாஸ்போர்ட்டுக்கு இரண்டு பேர். சத்தியமாக அப்படித்தான் எண்ணினேன். ஆபீசில் உட்கார்ந்து, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அடுத்த தேதி ஏழு வாரம் கழித்து என்றாள் போனை எடுத்த பெண். சரி என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவரிடம் கேட்டிருந்தால் ஸ்கேன்தான் முதலில் என்றிருப்பார். அது தெரிந்துதான் கேட்கவில்லை. மெஷின் ரிப்பேராம், அவர்களே தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் புளுகினேன். நம்பினார். மெஷின் என்றால் ரிப்பேராகத்தான் செய்யும் என்று எனக்கே சமாதானமும் சொன்னார்.

ஏழு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி. அதை விட்டு வெளியேயும் பரவியிருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்களை உட்காரவைத்து நிதானமாக எல்லாம் சொன்னாள். அறுக்க முடியாது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம், விமானப் பயணம் கூடவே கூடாது. அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் வராந்தாவுக்கு வந்தேன். பின்னாலேயே அவளும் வந்தாள்.

"நீங்களே போன் பண்ணினதா ஃபைல்ல எழுதியிருக்கு. முதல் தேதியை ஏம்மா மாத்தினீங்க?"

நான் கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ற நிலைமையில இருந்திருக்கும்னு நினைக்கறேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பாவம் பார்த்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டிப்போவில் கட்டம் போட்ட தாளைப் பார்த்தாலே கவிழ்த்து வைத்துவிடுகிறேன். என் நாத்தனார் போனில் அழும்போதெல்லாம், "நம்ம கையில என்ன இருக்கு அண்ணி" என்கிறாள். என் கையில்தான் இருந்தது. எப்படிச் சொல்வேன்?

அவர் மட்டும் எரிமலையை விடவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு அடி. நடுவில் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்து மூச்சு வாங்குகிறார். அந்த மனுஷன், "நடையைக் குறைச்சு ஜீப்பை இன்னும் மேல விடச் சொல்லலாமா?" என்கிறார். நானும் ரப்பரால் அழித்து மாற்றி எழுதுகிறேன். போக மாட்டோம் என்று இருவருக்கும் தெரியும். இருந்தாலும் சாயங்காலம் ஆனால் தாளை எடுத்துவிடுவோம்.

நேற்றும் அப்படித்தான். ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். நான் முக்காலியில். திடீரென்று சிரித்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மெஷின் ரிப்பேரானது நல்லதுக்குத்தான்."

"எந்த மெஷின்?"

"ஸ்கேன் மெஷின்தான். அன்னைக்கே எடுத்திருந்தா அன்னைக்கே அழ ஆரம்பிச்சிருப்போம். ஏழு வாரம் என்னமா சிரிச்சோம்! அதைச் சரிபண்ணாம போட்ட மெக்கானிக்கைப் பாத்தா கை குடுப்பேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. கொட்டிவிட்டேன். மெஷின் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் போன் போட்டேன், பாஸ்போர்ட்டுக்காக. டாக்டர் வராந்தாவில் சொன்னதையும் சொன்னேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் தலையில் கை வைக்கவும் இல்லை.

"லிஃப்டுக்கு அடியில ஒருத்தன் வேலை செஞ்சிட்டிருப்பான்" என்றார். குரல் உயரவே இல்லை. "மேல இருக்கறவன் பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி அவன்கிட்ட குரல் குடுத்துக் கேக்கணும். எவ்ளோ அவசரமானாலும் சரி. வேலைக்கு வர்றவனுக்கு முதல் நாளே நாங்க அதைத்தான் சொல்லுவோம்."

"தப்புதாங்க. என்னை நாலு வார்த்தை திட்டுங்க."

"திட்டி என்ன ஆகப்போகுது? நீ கொஞ்சம் வெளியில இரு. கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்தேன். சமையலறையில் நின்றேன், குழாயைத் திறந்தேன், மூடினேன். உள்ளே இருமல் ஆரம்பித்தது. நிற்காமல் இருமினார். தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவில் கை வைத்தேன். தள்ள வரவில்லை எனக்கு. இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் நான் அனுமதி கேட்டு நுழைந்ததே கிடையாது.

"உள்ள வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

இருமல் நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. அவர் வரச் சொல்லட்டும் என்று தம்ளரைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.