நான்கு இடத்தில் படி விழுந்த வட்டம்

தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற அக்காவுக்கு வலது மணிக்கட்டு உடைந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. கைப்பிடிச் சக்கரம் எதையும் சுற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். கடையில் கிடைக்காத பாகங்களை எல்லாம் அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் அவள் வெட்டிக்கொண்டிருந்தாள், கண்ணுகளா. இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத்தும், செதுக்கி வெட்டுகிற மில்லிங்கும் ஒரே உடம்பில் சேர்ந்த சின்ன மெஷின். கார் நிறுத்தும் அறையில் அதுதான் நின்றது.

அவள் தம்பி தொழிற்சாலையில் கம்ப்யூட்டரால் ஓடும் பெரிய வெட்டு மெஷினைப் பார்த்துக்கொள்கிறவன். அக்காவைக் கேட்காமலே, மெஷினை வாங்க ஒரு ஆளைப் பிடித்துவிட்டான்.

“ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றாரு. நீ பேசாம ரெஸ்ட் எடுக்கா.”

“என் கை சுத்தலேன்னா மோட்டார் சுத்தட்டும். இதுக்கு நானே கம்ப்யூட்டர் மாட்டுறேன்.”

“இந்தப் பொம்மைக்கா?”

“உன் மைக்ரோமீட்டர எடுத்துட்டு வா. அன்னிக்கு நான் வெட்டுறது வட்டமா இல்லேன்னா, நானே வண்டில ஏத்தி விடுறேன்.”

வாய் கொடுத்தாகிவிட்டது. கைப்பிடிகளைக் கழற்றி மோட்டார்களைப் பூட்டினாள். பழைய லேப்டாப் ஒன்றை இணைத்தாள். அவள் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் ஒயர் கிடந்தது. “இதையும் தொட்டுக்கவா?” என்பார்.

சனிக்கிழமை காலை ஒரு அலுமினியத் துண்டில் முதல் வட்டம் வெட்டினாள். கண்ணுக்கு நிலாதான். விரலால் தடவினால் மேலே, கீழே, இடம், வலம் என நான்கு இடத்தில் சின்னச் சின்னப் படி. வேகத்தைக் குறைத்தாள், வெட்டும் கருவியை மாற்றினாள். அதே நான்கு படி.

மத்தியானம் பொறுக்க மாட்டாமல் ஒரு மோட்டாரைக் கழற்றிக் கைப்பிடியை மாட்டிச் சுற்றிப் பார்த்தாள். வலியில் உயிர் போயிற்று. ஆனால் அவள் கை, அதுபாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துண்டைத் தாங்குகிற மேசையை நகர்த்தும் திருகு, திசை மாறும்போது, மேசை நகர்வதற்கு முன் கொஞ்சம் சும்மா சுற்றும். வட்டம் வெட்டும்போது திசை மாறுவது சரியாக அந்த நான்கு இடத்தில்தான். பட்டறையில் அதை ‘ப்ளே’ என்பார்கள். இத்தனை வருஷமும் அவள் கை அவளுக்கே சொல்லாமல் அதைச் சரிக்கட்டியிருக்கிறது. அவளுக்கே தெரியாததைக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்வார்கள்?

மோட்டாரைத் திரும்பப் பூட்டி, நீளவாக்கு, குறுக்குவாக்கு என இரண்டு திருகிலும் எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று அளந்தாள். எப்போதும் வேலை நடந்த நடுப்பகுதியில் திருகு ரொம்பத் தேய்ந்திருந்தது. ஓரத்தில் அவ்வளவு இல்லை. கம்ப்யூட்டரோ ஒரு திருகுக்கு ஒரே அளவைத்தான் வாங்கும். திசை மாறும்போதெல்லாம் இவ்வளவு கூடுதலாகச் சுற்று என்று ஓரத்து அளவையே அதில் ஏற்றி, அலுமினியத் துண்டையும் ஓரத்திலேயே இறுக்கினாள்.

ஞாயிறு காலை வாங்குகிற ஆள் கயிற்றோடு நின்றார். மெஷின் தானே ஓடி வட்டத்தை வெட்டி முடித்தது. தம்பி மைக்ரோமீட்டரால் மூன்று முறை அளந்தான்.

“வட்டந்தான்... ஆனா ஓரத்துல வெச்சாத்தானே வருது? நடுவுல தேஞ்சு போச்சுக்கா. பாதி மெஷின்தான் மிச்சம்.”

“என் மணிக்கட்டும் பாதிதான் திரும்புது. அதுக்கும் ஆள் பாத்து வெச்சிருக்கியா?”

வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம்பி வட்டத்தை நாலாவது முறை அளக்கப் போனான்.

“அப்ப கயித்தச் சுருட்டிடவாம்மா?” என்றார் வந்தவர்.

“சுருட்டுங்க.” அடுத்த துண்டை இடது கையால் இறுக்கிக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். “அளந்தது போதும், நகருடா. சட்டை தைக்கிற கடைக்காரங்க மெஷினுக்கு ரெண்டு சக்கரம் வெட்டணும்.”