கடைசித் தென்னை

விடிந்தும் விடியாமலும் கோடாலிச் சத்தம் தொடங்கிவிட்டது. பச்சைத் தென்னையில் கோடாலி லேசில் இறங்காது. நாரில் மாட்டிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். போன மாதம் சரிந்த மரம் புருஷன் காலை முறித்துப் போட்டதிலிருந்து அவன் கோடாலியை அவள்தான் தூக்குகிறாள்.

தீவு இனிப் பறவைகளுக்காம், சர்க்கார் உத்தரவு. இருக்கட்டும், முட்டையிட வரும் பறவையோடு யாருக்கு என்ன பகை? பழைய தோப்பு முதலாளி நட்ட தென்னையை எல்லாம் வெட்டச் சொன்னார்கள், இவர்களும் வெட்டினார்கள். ஆனால் தோப்பு வேலைக்காரர் நாற்பது பேரிடம் கைநாட்டு வாங்கிய தாளில், கடைசித் தென்னை விழும்வரைதான் குடியிருப்பு என்று இருந்தது. ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. கைநாட்டு வைத்தபோது நாலாயிரம் மரம் நின்றதால் யாரும் பயப்படவில்லை. இன்று காலை அவள் வெட்டியது போக மிச்சம் ஒன்றே ஒன்று.

அதன் அடியில் போய்க் கோடாலியைக் கீழே வைத்தாள். வனத்துறை அதிகாரி வந்து ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்.

"இது விழுந்தா சாயங்காலமே படகுல ஏத்திடுவீங்க. காலொடிஞ்ச மனுஷனை நான் எந்த ரோட்டுல கிடத்துறது?"

மனுஷ வாடை பட்டால் பறவை தங்காது என்றார் அவர்.

"கூடு எங்கெங்க இருக்குன்னு உங்களுக்குக் காட்டினதே நாங்கதான் சார். காவலுக்கு எங்களை வைங்க."

"காவலுக்குப் படிச்சவங்க வர்றாங்க. உங்க வீடு இருக்கிற இடத்துல பார்வையாளருக்கு விடுதி கட்டணும்மா."

"அவங்க மேல மனுஷ வாடை வராதா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அக்கரையிலிருந்து பத்து ஆளைக் கூட்டிவந்து வெட்டிக்கொள்கிறேன் என்றார் அதிகாரி. அவள் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும்தான். பிறகு தேங்காய் உரிப்பவள் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் பத்துப் பேர், இருபது பேர். நாலு பேர் அவள் புருஷனைக் கட்டிலோடு தூக்கிவந்து பக்கத்தில் இறக்கினார்கள்.

அதிகாரி படகோட்டியைக் கூப்பிட்டார். அவன் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதவன். விடுதி வந்தாலும் அவன் வேலைக்குப் பழுதில்லை. அதனால்தான் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். படகு போகாவிட்டால் ஆள் வராது. அவன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். கட்டிலைப் பார்த்தான். அவிழ்த்த முடிச்சைத் திரும்பப் போட்டான்.

"இதுக்குப் படகு எடுக்க மாட்டேன் சார். வேற ஆளைப் பாத்துக்குங்க."

அதிகாரி வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். யாரை வரவழைக்கிறாரோ, அடுத்த படகில் போலீஸ்தான் வருமோ, தெரியவில்லை. படகோட்டி நனைந்த காலோடு மணலில் ஏறி வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான்.

"கொஞ்சம் நகந்துக்குங்க," என்றாள் அவள், "அண்ணன் உக்காரட்டும்."