மழைக்கு ஒதுங்கிய வீட்டுக் கல்யாணம்

எங்கள் ஊர் அன்னாபாவிலிருந்து எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுத் துனிஸுக்குப் போய் ஆசைதீரச் சுற்றிவிட்டு வருவது எனக்கும் என் நாத்தனார் ஸூலிகா அண்ணிக்கும் மூன்று வருஷக் கனவு. தபால் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்திவிட்டு அந்த மாதம்தான் அண்ணி ஓய்வு பெற்றிருந்தார்.

போன மறுநாளே பேய்மழை. பழைய நகரத்துச் சந்துகளில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்போதுதான் வாங்கிய குடை முதல் காற்றிலேயே மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டு, மறு கையில் நான்கு பைகளோடு, சிரித்தபடியே நடந்தார்.

"பெரிய பள்ளிவாசலைப் பார்க்கவே இல்லையே அண்ணி."

"பக்கத்துல நின்னோம்ல. மழையில தெரியலன்னா நம்ம தப்பா?"

மழை இன்னும் வலுக்கவே ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினோம். சட்டென்று கதவு திறந்தது. பட்டு உடுத்திய ஒரு அம்மாள் அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"எத்தனை தடவைதான் போன் பண்றது? பொண்ணு அழுது அழுது மூக்கு செவந்து கெடக்கு. தலை அலங்காரத்துக்கு வந்தவங்கதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "மழைம்மா, என்ன பண்றது" என்றார்.

நடையில் அவரைக் கிள்ளினேன். "என்ன அண்ணி இது?"

"சும்மா இரு. மூணு பொண்ணுங்களுக்குத் தினமும் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினவ நான்."

மணப்பெண் உமைமாவுக்கு இடுப்பு வரை கூந்தல். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு சீப்பை எடுத்தார். நான் கொண்டை ஊசிகளை நீட்டினேன்.

"இந்த மழையில யாரு வருவா கல்யாணத்துக்கு?" என்று விசும்பினாள் உமைமா.

"ஏன், நாங்க வேற நாட்டுலேருந்தே வந்துட்டோமே."

கண்ணாடியில் அவள் கண்கள் உயர்ந்தன. "என்னது?"

"தலையை ஆட்டாதே."

பின்னலைச் சுருட்டி, நடுவே பொன்சரிகை நாடாவை ஓட்டி, அண்ணி கடைசி ஊசியைச் செருகியபோது வாசலில் ஒரே சத்தம். தெப்பமாக நனைந்த ஒருத்தி, பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். உண்மையான அலங்காரக்காரி.

எங்களை உள்ளே இழுத்த அந்த அம்மாள், உமைமாவின் தாய், எங்களைப் பார்த்தார். "அப்போ நீங்க யாரு?"

அண்ணி சீப்பைக் கீழே வைத்தார். "தபால் ஆபீஸ்காரிம்மா. மழைக்கு ஒதுங்கினோம். பிள்ளை அழுவுதுன்னு நீங்க சொன்னதும் மனசு கேக்கல. தப்புதான்."

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அலங்காரக்காரி உமைமாவைச் சுற்றி வந்து பார்த்தாள். ஓர் ஊசியை உருவி, சற்று மேலே செருகினாள்.

"நல்லாத்தான் இருக்கு. நான் முகத்தைப் பாத்துக்கறேன்" என்றாள்.

முதலில் சிரித்தது உமைமாதான். பிறகு அவள் தாய் சிரிக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். "இவங்களுக்கு உலர்ந்த துணி கொடுங்கடி. சாப்பிடாம இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

யார் யாருடையதோ பச்சை அங்கிகளில், பைன் கொட்டை மிதக்கும் தேநீரும் பாதாம் பலகாரமுமாக நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டார் மேளம் கேட்டது. அண்ணி எழுந்து ஒரு குலவை போட்டார். வீட்டுப் பெண்களே ஒரு நொடி அசந்து நின்றார்கள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு முற்றத்து மழையில் இறங்கினார்.

"துணி நனையுது அண்ணி, நம்மளோடது இல்ல."

"ஆடு வஸீலா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

ஆடினேன்.