சினேகாவின் மூன்று வரி

பள்ளி ஆண்டு மலரைப் பிரித்ததும் பாண்டீஸ்வரி டீச்சருக்கு உச்சி வரைக்கும் கொதித்தது. அஞ்சாம் வகுப்பு சினேகா எழுதிக் கொடுத்தது மூணே வரி:

திராட்சைத் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு வந்த அம்மா
சோத்தைப் பிசையாம கையை மோந்து மோந்து பாக்குது
எனக்குப் பசிக்கலன்னு சொல்லிட்டேன்.

கண்ணால் பார்த்ததை இப்படி எழுதவைக்க டீச்சர் ஆறு மாசம் வகுப்புப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியிருந்தாள். அச்சில் சினேகா பேருக்குக் கீழே, 'அன்னையே தெய்வம், அன்பின் சிகரம்' என்று பதினாறு வரி கிடந்தது.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். ஈஸ்வரபாண்டி சார் அசரவே இல்லை.

"அனுமந்தன்பட்டி திராட்சைத் தோட்ட முதலாளிகள்லாம் படிக்கிற புத்தகம் டீச்சர். மருந்து நாத்தம் எதுக்கு? நாந்தான் எதுகை மோனையோட மாத்துனேன். புள்ளைக்குப் பெருமைதானே."

"அம்புட்டுப் பெருமைன்னா உங்க பேரைப் போட்டிருக்கலாமே சார்."

அவர் மேசையிலிருந்த ஆண்டு மலர்களை அடுக்க ஆரம்பித்தார்.

டீச்சர் வகுப்புக்கு வந்தாள். புதுசாக ஒரு கவிதை எழுதச் சொன்னாள். சினேகாதான் முதல் ஆளாகத் தாளை நீட்டினாள். மேலே பேரும் வகுப்பும் இருந்தன. கீழே ஒன்றுமில்லை.

"என்னடி இது?"

சினேகா முகத்தில் கோபமே இல்லை.

"மிச்சத்தை சார் எழுதிருவாக டீச்சர்."